மேற்படி வாழ்த்தும் மோசமான பூஸ்டரும்

உலகத்தில் எல்லோரும் நல்ல பூஸ்டராகப் பார்த்துத்தான் வாங்கப் போவார்கள். இருப்பதிலேயே மோசமானது எது என்று விசாரித்து, "வேண்டாம் சார்" என்று கெஞ்சிய கடைக்காரரோடு மல்லுக்கட்டி, அதையே வாங்கிக்கொண்டு வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூரில், கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்த கையோடு இதைச் செய்தேன். முழுப் புத்தியோடுதான் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பூஸ்டர் என்பது மொட்டைமாடி ஏரியல் கம்பிக்கும் ரேடியோவுக்கும் நடுவே செருகுகிற ஒரு தகரப் பெட்டி. தூரத்திலிருந்து தேய்ந்து தேய்ந்து வருகிற ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் என்று பெயர். எங்கள் வீட்டுக்கு அது தேவைப்பட்டது சிலோனுக்காக. நாட்டின் பெயர் மாறிவிட்டிருந்தாலும் ரேடியோ கேட்கிறவர்களுக்கு அது சிலோன்தான்.

என் மனைவி வேதாரண்யத்துப் பெண். அங்கே சிலோன் பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி கேட்கும். வாழ்த்து நிகழ்ச்சியில் அவர்கள் வீட்டில் எல்லோருடைய பெயரும் வந்திருக்கிறது. அவளுடைய அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பா, ஊருக்கு வேலைக்கு வந்து அவர்கள் வீட்டில் குடியிருந்த ஒரு வாத்தியாரம்மா, ஒருவர் பாக்கியில்லை. பெயர் வராதது அவர்கள் வீட்டுப் பசுமாடு மட்டும்தான். அப்படிப்பட்ட இடத்திலிருந்து என் ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்தவள், முதல் நாளே ரேடியோவைத் திருகிப் பார்த்துவிட்டு, "உங்காத்துல சிலோன் வராதா?" என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு ஒரு கை இல்லை என்று கண்டுபிடித்த மாதிரி இருந்தது அந்தக் குரல்.

வராமல் இல்லை. கொரகொரவென்று வரும். பாட்டு வரும், பாடுகிறது ஆணா பெண்ணா என்று தெரியாது.

அந்த வருத்தத்தைச் சரிக்கட்டத்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதல் கல்யாண நாளுக்குச் சிலோனில் உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்லி எழுதுகிறேன் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து, புடவையே வாங்கிக் கொடுத்திருக்கலாம் போலிருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கார்டு எழுதினேன். அதில் பொய் இல்லை. நான் ஓர் அரசாங்க ஆபீசில் கடிதங்களுக்கு வரைவு எழுதுகிற வேலையில் இருந்தேன். "மேற்படி" என்ற சொல் ஒரு தடவையாவது வராவிட்டால் எனக்கு வாக்கியம் முடியாது. பெண்டாட்டிக்கு எழுதும்போது அதைத் தவிர்க்க வேண்டும் என்று பதினோரு வரைவு போட்டேன். பதினொன்றிலும் அது எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் தோற்றுப்போய், இருக்கட்டும் என்று ஒரு சாயங்காலம் கார்டில் எழுதி, நீலச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கே என்னுடைய ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒருநாள் போட்ட சட்டையை நான் உடனே துவைக்கப் போடமாட்டேன். எதிரே வேப்பமரத்தடியில் இருந்த இஸ்திரி வண்டியில் ஒரு தேய்ப்புத் தேய்க்கக் கொடுத்து, இன்னொரு நாள் போட்டுக்கொள்வேன். வண்டிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டியின் கூரையில் தோல் உறை போட்ட ஒரு கைரேடியோ எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். நீலச் சட்டையும் அப்படித்தான் அவரிடம் போய் மொடமொடவென்று திரும்பி வந்தது. இரண்டு நாள் கழித்து அதைப் போட்டுக்கொண்டு தபால் பெட்டி முன்னால் நின்று பையில் கைவிட்டால், கார்டைக் காணோம்.

பஸ் நெரிசலில் விழுந்திருக்கும் என்று முடிவு செய்தேன். இன்னொரு கார்டு எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. அப்போது பன்னிரண்டாவது வரைவு என்று நினைத்தாலே கை வலித்தது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டதில் கல்யாண நாளே நெருங்கிவிட்டது. "கார்டு போட்டாச்சா?" என்று அவள் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "அதெல்லாம் எப்பவோ போட்டாச்சு" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு மாலைதான் வாழ்த்து நிகழ்ச்சி. முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தலை பின்னி, பூ வைத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். ரேடியோவுக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. கொரகொர. ஊர்ப் பெயர் ஒன்று வந்தது, கொரகொர, யாரோ யாருக்கோ வாழ்த்துச் சொன்னார்கள். நிகழ்ச்சி முடிந்தது.

"கேட்டுதா?" என்றேன்.

"கேக்கலை" என்றாள்.

"வந்திருக்கும். இரைச்சல்ல நமக்குக் கேக்கலை" என்றேன். எவ்வளவு நல்ல சாக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இந்தக் கொரகொர இருக்கிற வரைக்கும் நான் பொய்யன் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் இப்படியே ஓட்டிவிட்டால், விஷயம் தானாக ஆறிப்போகும்.

ஆறவில்லை. அவள் தன் தம்பியைக் கூப்பிட்டனுப்பினாள்.

மைத்துனன் கிண்டி தொழிற்பேட்டையில் டிரான்ஸ்பார்மர் சோதிக்கிற வேலையில் இருந்தான். நந்தனத்தில் ஒரு மாடி அறையில் இரண்டு நண்பர்களோடும் இருபது ரேடியோக்களோடும் வசித்தான். அந்த இருபதில் ஒன்றுக்கும் மூடி கிடையாது. அக்கா மேல் உயிர். என் மேல் அவனுக்கு ஏனோ பெரிய மரியாதை வேறு. மொட்டைமாடிக்குப் போய் ஏரியலைப் பார்த்தான், கீழே வந்து ரேடியோவின் பின்பக்கத்தை முகர்ந்து பார்த்தான். பிறகு, "அத்திம்பேர், கவலைப்படாதேங்கோ. நல்ல பூஸ்டர் ஒண்ணு போட்டா மூச்சு விடறதுகூடக் கேக்கும்" என்றான்.

 எல்லாம் தெளிவாகக் கேட்டால், எங்கள் பெயர் வரவில்லை என்பதும் தெளிவாகக் கேட்டுவிடுமே! "எதுக்குடா வீண் சிரமம்?" என்று சொல்லிப் பார்த்தேன். "அக்காவுக்காக இதுகூடப் பண்ணப்படாதா?" என்றான். அவள் சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் நானும் மைத்துனனுமாக, ரேடியோ சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குக் கிளம்பினோம்.

அந்தத் தெருவில் கடை என்பது ஒரு பலகை, ஒரு பல்பு, ஒரு ஆள். எங்களுக்கு வாய்த்த கடைக்காரர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இன்னா சார் வோணும்? பூஸ்டரா? மூணு தினுசு கீது" என்று மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

முதல் பெட்டி சிறியது, பார்க்கச் சுமார். முகப்பில் ஒரு திருகு இருந்தது. "இத்த திருகி, இன்னா ஸ்டேஷன் வோணுமோ அத்த மட்டும் புட்ச்சுக்கலாம் சார். மத்ததெல்லாம் வெளியவே நின்னுகினு இருக்கும். உள்ள வராது. சிலோனுக்கு இதான் கரீட்டு" என்றார் அவர். மைத்துனன் அதைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது, வால்வு போட்ட பழசு. சூடேறவே ஐந்து நிமிஷம் ஆகுமாம். அதை அவரே ஒதுக்கி வைத்துவிட்டார்.

மூன்றாவது பெரிதாக இருந்தது. முகப்பில் திருகு எதுவும் இல்லை. சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் ஜோராக எரிந்தது. "இது எப்படி?" என்றேன்.

"அது வேணாம் சார். பவரு ஜாஸ்தி, ஆனா அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. கண்டதையும் இஸ்துக்கினு வந்துடும். சிலோனும் வரும், உள்ளூர் ஸ்டேஷனும் அது மேலயே ஏறிக்கினு வரும், எதுத்த ஊட்டு கிரைண்டரும் வரும். ஒண்ணும் புரியாது."

என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "ஒண்ணுமே புரியாதா?" என்று ஆசையோடு கேட்டேன்.

"சத்தியமா புரியாது சார். போன வாரம் ஒர்த்தரு வாங்கிக்கினு போயி, மறுநாளே கொண்ணாந்து என் மூஞ்சில அட்ச்சுட்டுப் போய்ட்டாரு."

"அவர் திருப்பிக் கொடுத்தது இன்னும் இருக்கா?"

கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைச் சரியாகப் பார்த்தார். "அதான் சார் இது" என்றார்.

"இதையே கட்டிக் கொடுங்கோ."

மைத்துனனுக்குத் தலைகால் புரியவில்லை. கையிலிருந்த சின்னப் பெட்டியை அணைத்துக்கொண்டே, "அத்திம்பேர், அவரே வேண்டாங்கறாரே" என்றான்.

"இதுல சிவப்பு லைட் எரியறது பாரு. அதுல லைட்டே இல்லை. வேலை செய்யறதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டா வேலை செய்யறதுன்னு தெரியும், அத்திம்பேர்."

"அதெல்லாம் அனுமானம்டா. லைட்டுங்கறது அத்தாட்சி."

ஆபீசில் இந்தக் குரலில் பேசினால் பியூன்கூட மதிக்கமாட்டான். ஆனால் மைத்துனன் மதித்தான். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சின்னப் பெட்டியைப் பலகையிலேயே திருப்பி வைத்தான். அப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் பெட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, "திருப்பிக் கொண்ணாராத நைனா" என்று மைத்துனனிடம் சொன்னார். என்னோடு பேச அவர் விரும்பவில்லை போலிருக்கிறது.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு மைத்துனன் பெட்டியைப் பொருத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. மனைவி தலை பின்னி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவன் ரேடியோவை முடுக்கினான். இடியோசை மாதிரி ஒரு கனத்த குரல் அறையை நிரப்பியது.

"நெற்பயிரைத் தாக்கும் குருத்துப்பூச்சி..."

உள்ளூர் நிலையத்தின் உழவர் நிகழ்ச்சி. மைத்துனன் முள்ளை நகர்த்தினான். குருத்துப்பூச்சி. இன்னும் நகர்த்தினான். அங்கேயும் குருத்துப்பூச்சி. அலைவரிசைப் பட்டையை மாற்றினான், கோடியிலிருந்து கோடிக்குத் திருகினான். சிலோன், சிங்கப்பூர், ரஷ்யா என்று முள் உலகத்தைச் சுற்றி வந்தது. உலகம் முழுவதும் குருத்துப்பூச்சி தாக்கியிருந்தது. நடுநடுவே எதிர்வீட்டுக் கிரைண்டர் வேறு. அந்தக் கடைக்காரர் எவ்வளவு நேர்மையானவர் என்று நினைத்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

"நம்மாத்துல வயலே இல்லையே" என்றாள் மனைவி.

"தெரிஞ்சுண்டா நல்லதுதானே" என்றேன்.

அடுத்த வாரம் முழுவதும் மைத்துனன் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். கம்பியைச் சுருட்டினான், எர்த்துக்காகத் தரையில் ஆணி அடித்து இணைத்தான். தப்பு தன்னுடையது என்று நினைத்துவிட்டான். எனக்கோ சாப்பாடு ருசித்தது, தூக்கம் வந்தது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன மருந்து என்று ஆபீசில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் அவள் பூ வைத்துக்கொண்டாள். அன்று மைத்துனன் எதையோ மாற்றியிருந்தான். நிகழ்ச்சி ஆரம்பித்தபோது, உழவர் நிகழ்ச்சிக்கு அடியிலிருந்து சிலோன் பெண்மணியின் குரல் மெல்ல எழுந்தது. மூன்று பேரும் குனிந்தோம். "மயிலாப்பூரிலிருந்து..." என்றது அந்தக் குரல். மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. "...தன் அன்பு மனைவி..." அடுத்த சொல்லுக்குள், "வேப்பம்புண்ணாக்கைத் தூளாக்கி" என்று உள்ளூர்க்காரர் முழுத் தொண்டையில் ஏறி மிதித்துவிட்டார். அவர் புண்ணாக்கைத் தூவி முடித்தபோது சிலோனில் பாட்டு ஆரம்பித்திருந்தது.

மயிலாப்பூரில் மனைவி உள்ளவன் நான் ஒருத்தன்தானா என்ன? வேறு யாருக்கோ வந்த வாழ்த்து. இருந்தாலும் என்ன அதிர்ஷ்டம்! இனி அது நாங்கள்தான் என்று அடித்துச் சொல்லலாம். "பாத்தியா! வந்துடுத்து! நம்ம பேருதான்!" என்று கூவினேன்.

அவள் என் கையை விட்டாள். சந்தோஷப்படவில்லை. கண் நிறைந்து, "முழுசாக் கேக்கலையே" என்றாள். இவ்வளவு அழுகிற விஷயமா இது என்று நான் விழித்துக்கொண்டு நின்றபோது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

இஸ்திரி வண்டிக்காரர். கையில் தோல் உறை ரேடியோ. மூச்சு வாங்கியது.

"சார்! வந்துச்சு சார்! மாமி, கேட்டியா? உங்க ரெண்டு பேரு பேரும் சொன்னாங்கோ! தெருப் பேரு, நம்பரு எல்லாம் சொன்னாங்கோ!"

நான் போடாத கார்டு எப்படி வரும்? "வேற யாராவது இருக்கும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் முன்னால் நாங்கள்தான் என்று குதித்தவன் நான்தான் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. மைத்துனன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"இன்னா சார் வேற யாரோன்ற? அச்சு அசலா உன் கார்டுதான். நடுவுல இன்னாமோ மேப்படி, மேப்படின்னு வந்துச்சு. அது மட்டும் எனக்குப் புர்ல."

மேற்படி! உலகத்திலேயே பெண்டாட்டிக்கு வாழ்த்தில் மேற்படி போடக்கூடிய ஆள் ஒருத்தன்தான்.

"நீலச் சொக்காப் பையில கார்டு இருந்துச்சு சார். நான் கவனிக்காம அத்தோடயே பொட்டியை இஸ்துட்டேன். கார்டும் நல்லா மடிப்பு இல்லாம வந்துச்சு. மாமி கையில குட்த்தேன். அவுங்கதான் போய் தபால்ல போட்டாங்கோ. என்னிக்கி வருதுன்னு நானும் நாலு வாரமா இத்த காதுல வெச்சுக்கினு கீறேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். "தொலைஞ்சு போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்வேளோன்னு பாத்தேன். போட்டாச்சுன்னேள். சரி, போகட்டும்னு விட்டுட்டேன். கார்டுல என்ன எழுதியிருந்ததுன்னு படிச்சாச்சு. வாயால யாராவது சொல்லிக் கேக்கணும்னு இருந்தது, அவ்வளவுதான்" என்றாள்.

எங்கள் வாழ்த்தைச் சிலோன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பூஸ்டரே இல்லாத கைரேடியோவில், வேப்பமரத்தடியில் அது அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறது. நான் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பெட்டி இருந்த வீட்டில் மட்டும்தான் கேட்கவில்லை. அவள் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்ததெல்லாம் என் கண்முன் வந்தது. 

மைத்துனன் மெதுவாக, "அத்திம்பேர், அந்தச் சின்னப் பெட்டியை ஏன் வேண்டாம்னேள்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நான் அசடு வழிந்தேன். அவன் எழுந்து போய்ப் பெட்டியைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது, புண்ணாக்கும் நின்றது.

"சரி, நீங்களே சொல்லுங்கோ" என்றாள் அவள்.

"என்ன?"

"கார்டுல எழுதினதை."

பதினோரு வரைவு போட்டவன் வாயைத் திறந்தேன். ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. வண்டிக்காரர்தான் பொறுக்கமாட்டாமல் வாசற்படியில் ஏறி நின்று எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு வருசம் முன்ன எங்க ஊட்டுக்கு வந்து... சொல்லு சார்."

"ஒரு வருஷத்துக்கு முன்ன எங்காத்துக்கு வந்து" என்றேன்.

"மேப்படி ஊட்ட ஊடா ஆக்குன என் பொஞ்சாதிக்கு..."

"வீட்டை வீடா ஆக்கின என்..."

"மேப்படிய உட்டுட்டியே சார்."

"மேற்படி வீட்டை வீடா ஆக்கின என் ஆம்படையாளுக்கு" என்றேன். மைத்துனன் ஏரியல் கம்பியைச் சுற்றிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"நேர்ல சொல்லத் தெரியாத அன்ப, இதுமூலியமா சொல்லிக்கிறேன். அவ்ளோதான் சார், முடிஞ்சிடுச்சு."

அதை நான் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். 

"கேட்டுதா?" என்றேன்.

"கேட்டுது" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அடுத்த தடவை அந்த மேற்படி மட்டும் வேண்டாம்."